ரத்தந்தான் வருது, வலி இல்ல

பல் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் சின்னக் குறைகளைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். துப்பும்போது ரத்தம் தெரிகிறது, காலையில் வாய் நாறுகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள், கீரை தின்றால் அங்கே போய்ச் சிக்கிக்கொள்கிறது. வலிக்கிறது என்று வந்தவர்கள் குறைவு. பாளையங்கோட்டையில் ஈறு நோய் மருத்துவம் பார்க்கத் தொடங்கியதிலிருந்து என்னைக் கலங்க வைப்பது இந்த வலியின்மைதான். வலித்திருந்தால் இவர்கள் எப்போதோ வந்திருப்பார்கள்.

அண்ணாச்சியும் அப்படித்தான் வந்தார். மளிகைக் கடை வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர். "பல்லு தேய்க்கையில ரத்தந்தான் வருது தாயி, வேற ஒண்ணும் இல்ல. பின்னாடி கேப்பு லேசா ஆடுத மாதிரி இருக்கு. ஒட்டிக் குடுத்தீயன்னா போயிருவேன், கடையில பையன் தனியா நிக்கான்" என்றார். கீழ்த்தாடையில் இடப்பக்கம் அடுத்தடுத்து இரண்டு இம்ப்ளான்ட். மகள் பிரசவத்துக்காக வெளியூரில் தங்கியிருந்தபோது அங்கே ஒரு கிளினிக்கில் வைத்துக்கொண்டது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய பணம்.

முன்னால் இருந்த இம்ப்ளான்டின் ஈறை விரலால் கீழிருந்து மேலாக மெல்ல அழுத்தினேன். கேப்பின் ஓரத்திலிருந்து மஞ்சள் நிறத்தில் சீழ் ஒரு துளி எழுந்து வந்தது. கண்ணாடியைப் பிடித்து அவருக்குக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது எத்தன நாளா இருக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு பழைய எக்ஸ்ரே வேண்டியிருந்தது.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விழும் பையின் ஆழத்தை அளக்க மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. ப்ரோப் என்போம். பல்லைச் சுற்றி ஆறு இடங்களில் அதை இறக்கி அளக்க வேண்டும். இருபத்தைந்து கிராம் எடைக்கு மேல் கை அழுத்தக்கூடாது. முன் இம்ப்ளான்டில் 6-லிருந்து 8 வரை இறங்கியது, இறங்கிய இடமெல்லாம் ரத்தம். பின்னால் இருந்ததில் அளக்கவே வேண்டியிருக்கவில்லை, கருவி பட்டதும் அசைந்தது. இந்த இடத்தில் மருத்துவருக்கு ஒரு சின்ன நம்பிக்கை மிச்சமிருக்கும். கேப்பையும் எலும்புக்குள் இருக்கும் திருகையும் இணைக்கும் உள் ஸ்குரு மட்டும் தளர்ந்திருக்கலாம். அப்படியானால் முடுக்கினால் போதும். எலும்பில் இருக்கும் திருகே ஆடினால் அதைக் காப்பாற்ற வழியில்லை.

எக்ஸ்ரே எடுத்தோம். பின் இம்ப்ளான்டைச் சுற்றி மேலிருந்து அடிவரை கறுப்புக் கோடு. எலும்புக்கும் அதற்கும் எந்த ஒட்டும் இல்லை. முன்னதைச் சுற்றி இரண்டு பக்கமும் எலும்பு குழிந்து, திருகின் மேல் மரைகள் எலும்பைவிட்டு வெளியே நின்றன. அடிப்பாதி மட்டும் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

இம்ப்ளான்ட் வைத்த முதல் வருடத்தில் மேல் எலும்பு கொஞ்சம் கரைந்து தன்னைச் சரிசெய்துகொள்வது இயல்பு. அதற்குப் பிறகும் தேய்ந்தால்தான் நோய். எது இயல்பு, எது நோய் என்று பிரிக்க, கேப் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரே பக்கத்தில் இருக்க வேண்டும். அண்ணாச்சியிடம் பில் ஒன்றுதான் இருந்தது. 'இம்ப்ளான்ட் 2' என்று எழுதி அதற்கு நேரே தொகை. எந்தக் கம்பெனி, எத்தனை மில்லிமீட்டர் நீளம், என்ன தடிமன், ஒன்றும் இல்லை. அந்த கிளினிக்குக்குப் போன் செய்தேன். அப்போதிருந்த மருத்துவர் போய்விட்டார், பழைய ரெக்கார்ட் இல்லை என்றார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே ஓர் அளவுகோல் இருக்கிறது. 2017-இல் சிகாகோவில் உலகின் ஈறு நோய் நிபுணர்கள் கூடி வகுத்து, மறு ஆண்டு வெளியிட்டது. பழைய எக்ஸ்ரே இல்லாத இடத்தில், தொட்டால் ரத்தமோ சீழோ வந்து, பை 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, எலும்பும் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கீழே போயிருந்தால் அது பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். ஈறு மட்டும் வீங்கி ரத்தம் வந்து, எலும்பு குறையாமல் இருந்தால் அது மியூக்கோசைட்டிஸ். அந்தக் கட்டத்தில் பிடித்தால் சுத்தம் செய்தே திருப்பிவிடலாம். அண்ணாச்சி அந்தக் கட்டத்தை எப்போது கடந்தார் என்பதைச் சொல்ல யாரிடமும் சான்று இல்லை. கேப் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரே அவருடைய உடம்பின் ஆவணம். அதை அவர் கையில் கொடுக்காமல் அனுப்பியதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் இம்ப்ளான்ட் அபூர்வம். எங்கள் பேராசிரியர் ஒருவர் அதைக் கதையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். சுவீடன்காரர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952 வாக்கில் லுண்ட் நகரில் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கூடு ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கூட்டைக் கழற்றப் பார்த்தால் எலும்பு விடவில்லை. 1965-இல் கீழ்த்தாடையில் பல்லே இல்லாத யோஸ்தா லார்சன் என்பவருக்கு கோத்தன்பர்க்கில் முதல் இம்ப்ளான்ட்களை வைத்தார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை இருந்தன. வகுப்பில் எல்லோரும் வியந்துகொண்டிருந்தபோது பேராசிரியர் கரும்பலகையில் ஒரு பல்லையும் ஒரு இம்ப்ளான்டையும் அடுத்தடுத்து வரைந்தார். நான் இன்றைக்கும் நோயாளிகளுக்கு அதைத்தான் வரைந்து காட்டுகிறேன்.

பல் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு தசைநார்ப் படலம் இருக்கிறது. அதில் நரம்பு உண்டு, ரத்தக் குழாய் உண்டு. சோற்றில் ஒரு சின்னக் கல் கடிபட்டால் சட்டென்று வாய் நிற்பது அந்தப் படலத்தால்தான். மேலே ஈறிலோ நார்கள் பல்லின் வேருக்குள் குறுக்காகப் போய் ஊன்றியிருக்கும். கிருமி உள்ளே இறங்க அது ஒரு தடை. இம்ப்ளான்டில் இந்தப் படலமே கிடையாது. நார்கள் உலோகத்துக்குள் ஊன்ற முடியாமல் அதன் பக்கவாட்டில் இணையாக ஓடும். ரத்த ஓட்டமும் ஒரு வழி குறைவு. அதனால் கிருமி இறங்கத் தொடங்கினால் பல்லில் இறங்குவதைவிட வேகமாக இறங்கும், புண் எலும்புவரை திறந்தே இருக்கும். உணர்த்திச் சொல்ல அந்தப் படலத்தின் நரம்பும் இல்லை. இன்னொன்றும் உண்டு. பிரோனெமார்க்கின் பழைய திருகுகள் வழவழப்பானவை. பிறகு வந்தவற்றின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள், எலும்பு சீக்கிரம் பிடிக்கிறது. ஆனால் எலும்பு கரைந்து அந்தச் சொரசொரப்பு வெளியே வந்துவிட்டால் அதே பரப்பு கிருமிப் படலத்துக்கும் வசதியாகிவிடும்.

அண்ணாச்சிக்கு அந்த இரண்டு கடைவாய்ப் பற்களும் எப்படிப் போயின என்று கேட்டேன். "சொத்தையெல்லாம் இல்ல. தன்னால ஆடி ஆடி விழுந்திச்சு" என்றார். அதாவது ஈறு நோய். மீதமிருந்த பற்களை அளந்து பார்த்தேன், பல இடங்களில் 5, 6 மில்லிமீட்டர் பை. அந்த நோய்க்கு யாரும் வைத்தியம் பார்த்திருக்கவில்லை. பற்களை விழச்செய்த அதே கிருமிகள் பக்கத்துப் பற்களில் குடியிருக்க, நடுவில் இரண்டு புதுத் திருகுகளை ஊன்றியிருக்கிறார்கள். வீட்டில் கறையானை ஒழிக்காமல் புது நிலை வைத்த கதைதான். ஈறு நோய் இருந்தவர்களுக்கு இம்ப்ளான்டைச் சுற்றி நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது பல ஆய்வுகளில் நிலைபெற்ற செய்தி. வைக்கவே கூடாது என்பதில்லை. முதலில் ஈறைச் சரிசெய்துவிட்டு, பிறகு வைத்து, விடாமல் கவனிக்க வேண்டும்.

சிகிச்சையின் முதல் நாளில் கேப்பைக் கழற்றுவதற்கே பெரும்பாடாகிவிட்டது. கேப் சிமெண்டால் ஒட்டப்பட்டிருந்தது. மேலே துளையிட்டு உள் ஸ்குருவை எட்ட வேண்டும். ஒவ்வொரு கம்பெனி ஸ்குருவுக்கும் முனை வேறு. எது என்று தெரியாததால் எக்ஸ்ரேயில் தெரிந்த வடிவத்தை வைத்து ஊகித்து, தெரிந்த மருத்துவர்களிடம் ஸ்குரு டிரைவர்களைக் கடன் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று பொருந்தியது. பின் இம்ப்ளான்டில் உள் ஸ்குரு இறுக்கமாகவே இருந்தது, ஆடியது திருகுதான். மரத்துப்போகும் ஊசி போட்டு எதிர்த்திசையில் திருப்பியதும் அது கையோடு வந்துவிட்டது. மரைகளுக்கிடையே எலும்புத் துணுக்கு ஒன்றுகூட இல்லை, சிவந்த சதை மட்டும் சுற்றியிருந்தது. அதை அவர் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "பையன் ராவு பகலா ஒழச்ச காசு" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல? "முன்னாடி இருக்கிறத விட மாட்டோம் அண்ணாச்சி" என்றேன். மருத்துவர் இப்படி வாக்குக் கொடுக்கக்கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அடிப்பாதி எலும்பில் உறுதியாக நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

முன் இம்ப்ளான்டின் கேப் வந்ததும், நாக்குப் பக்கம் ஈறுக்கடியில் வெண்மையாக ஏதோ தெரிந்தது. டைட்டானியக் கருவியால் மெதுவாக நெம்பினேன். நகத்துண்டு அளவில் ஒரு சிமெண்ட் தகடு பெயர்ந்து வந்தது. கேப்பை ஒட்டும்போது பிதுங்கி உள்ளே இறங்கி, அங்கேயே உறைந்துவிட்டது. அதன் உள்பக்கம் முழுக்கக் கிருமிப் படலம். 2009-இல் தாமஸ் வில்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் ஈறுக்கடியில் நுண் கேமராவைச் செலுத்திப் பார்த்து எழுதிய ஆய்வில், நோய் கண்ட, சிமெண்டால் ஒட்டிய இம்ப்ளான்ட்களில் 81 சதவீதத்தில் இப்படி மிச்சச் சிமெண்ட் இருந்தது. அதை எடுத்துவிட்டபின் அவற்றில் 74 சதவீதத்தில் நோய்க்குறிகள் அடங்கின. படித்த விஷயந்தான். ஆனாலும் அந்தத் தகட்டை ட்ரேயில் வைத்தபோது எனக்கு வந்த கோபம் லேசில் போகவில்லை.

அண்ணாச்சி அதுவரை செய்துகொண்ட வைத்தியம் ஆன்டிபயாட்டிக் மாத்திரை. மருந்துக் கடையில் சொல்லி வாங்கிப் போடுவார், ரத்தம் ஒரு வாரம் நிற்கும், மறுபடி வரும். கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது மாத்திரை அதற்குள் போதிய அளவு போய்ச் சேராது. கையால் சுரண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். பிளாஸ்டிக் முனை போட்ட அல்ட்ராசோனிக் கருவியாலும் டைட்டானியக் கருவியாலும் எட்டிய மட்டும் சுத்தம் செய்தேன். மீதிப் பற்கள் எல்லாவற்றுக்கும் வேர்வரை சுத்தம். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு. பல்லில் காப்பிக் கறை படியும் என்று முன்கூட்டியே சொன்னேன்.

அதோடு சர்க்கரை. மூன்று மாதச் சராசரி 8.6 இருந்தது. அவருடைய பொது மருத்துவரிடம் பேசி, 7-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தபிறகுதான் கத்தி வைப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு மாதம் கழித்து அளந்தபோது சீழ் நின்றிருந்தது, ஈறு இளஞ்சிவப்பாகியிருந்தது. பை மட்டும் 6-ல் நின்றுவிட்டது. எலும்பு குழிந்துவிட்ட இடத்தில் மூடியபடியே செய்யும் சுத்தம் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடும். திறந்து பார்த்தாக வேண்டும்.

குழி நாலு பக்கமும் எலும்புச் சுவரோடு இருந்ததால் எலும்புத் தூள் நிரப்ப வாய்ப்பு இருந்தது. உலகில் இதற்கு அதிகம் பயன்படுவதும் அதிகம் ஆராயப்பட்டதும் மாட்டு எலும்பிலிருந்து எடுக்கும் தூள். இதை நோயாளியிடம் சொல்லாமல் வைப்பவர்கள் உண்டு. நான் சொல்லிவிடுவேன். அண்ணாச்சி செந்திலாண்டவருக்கு ஒவ்வொரு வருடமும் சஷ்டி விரதம் இருப்பவர். "மாடுன்னா வேண்டாம் தாயி" என்றார். செயற்கைத் தூள் உண்டு, மனித எலும்பும் உண்டு என்றேன். "மனுசன் எலும்பா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கியில், தானமாக வரும் எலும்பை உலரவைத்து, காமாக் கதிரால் கிருமி நீக்கி, சின்னக் குப்பிகளில் தருவதைச் சொன்னேன். யோசித்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடமும், அதாவது எங்கள் மதினியிடமும், பேசிவிட்டு மறுநாள் போன் செய்தார். "கண்ணு தானம் குடுக்கிறாவல்லா, அதப் போலத்தானே? அப்ப சரி."

சர்க்கரை இறங்கியபிறகு செய்த அறுவைச் சிகிச்சை அன்று ஈறை விலக்கியதும் குழி நிறையக் குழைவான சிவப்புச் சதை. அதை முழுவதும் சுரண்டி எடுத்தாலொழிய ரத்தம் நிற்காது, எடுத்து முடித்ததும் தானாக நின்றுவிடும். பிறகு திருகு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மரைகளின் பள்ளங்களில் மஞ்சளும் பழுப்புமாகக் காரை. சுழலும் டைட்டானியப் பிரஷ்ஷை வைத்து ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்து, சலைன் பாய்ச்சிக் கழுவிக்கொண்டே இருந்தேன். மரையின் கீழ்ப்பக்கம்தான் கடினம். அங்கே கருவி நேராகப் போகாது, கண்ணும் போகாது. உதவிக்கு நின்ற பெண் சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிக்க, அதில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்துத் தேய்த்தேன். இந்த நோய்க்கு எந்தக் கருவி சிறந்தது என்று உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. லேசரை நிறையப் பேர் விளம்பரம் செய்கிறார்கள், அதனால் கூடுதல் பலன் உறுதியாகவில்லை. கண்ணால் பார்த்து, கையால் பொறுமையாகச் சுத்தம் செய்வதைத்தான் நான் நம்புகிறேன். உலோகம் மறுபடி சாம்பல் நிறத்தில் மின்னியதும் தூளைச் சலைனில் நனைத்துக் குழியை நிரப்பி, ஈறை இழுத்துத் தைத்தேன்.

இரண்டு வாரத்தில் தையல் பிரித்தோம். அதன்பிறகுதான் பெரிய வேலை. புதுக் கேப்பைச் சிமெண்ட் இல்லாமல் ஸ்குருவாலேயே பொருத்தினேன். பிரஷ் நுழையும்படி அடிப்பக்கத்தைக் குறுக்கி வடிவமைக்கும்படி லேபில் சொன்னேன். பழைய கேப் ஈறை அமுக்கிக்கொண்டு அகலமாக உட்கார்ந்திருந்தது. எவ்வளவு அக்கறையோடு தேய்த்தாலும் அடியில் எதுவும் நுழைந்திருக்காது. "சரியா பல்லு தேய்க்கலன்னு திட்டுனாவ" என்று அண்ணாச்சி முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். தேய்க்க இடமே வைக்காமல் செய்துவிட்டு நோயாளியைக் குறை சொல்வது அநியாயம். அவரிடம் அதை வெளிப்படையாகச் சொன்னேன். இடைவெளி பிரஷ்ஷை எப்படி நுழைப்பது என்று மதினிக்கும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தேன். அண்ணாச்சிக்கு முழங்கை வலி, கை அவ்வளவு பின்னால் திரும்பாது. ராத்திரி கடையடைத்து வந்ததும் மதினிதான் அவரை விளக்கடியில் உட்காரவைத்து, உள்பக்கத்தைத் தேய்த்துவிடுகிறார் என்று பிறகு தெரிந்தது.

ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் குழி நிரம்பியிருந்தது. அண்ணாச்சிக்கு மிகுந்த சந்தோஷம். நான் கொஞ்சம் நிதானமாகவே பேசினேன். எக்ஸ்ரேயில் வெளுப்பாகத் தெரிவதால் எலும்பு திருகைத் திரும்பவும் பற்றிக்கொண்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பை 4 மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருக்கிறது, சீழ் இல்லை, எலும்பு மேற்கொண்டு கரையவில்லை. இவ்வளவும் உண்மை, இதுவே நல்ல பலன். கொஞ்ச காலம் விட்டுவிட்டால் நோய் திரும்பும், அது திரும்பும்போதும் வலிக்காது. அதனால்தான் நாலு மாதத்துக்கொருமுறை அளந்தாக வேண்டும்.

பின்னால் இருந்த காலி இடத்தில் இன்னொரு இம்ப்ளான்ட் வைக்கலாமா என்று மகன் வளைகுடாவிலிருந்து கேட்டார். கீழே ஓடும் நரம்புக்கு மேல் எலும்பு போதவில்லை. எலும்பைக் கூட்டும் பெரிய அறுவை செய்தால் முடியும். அண்ணாச்சிக்கு விருப்பமில்லை, நானும் வற்புறுத்தவில்லை. கடைசிக் கடைவாய்ப் பல் இல்லாமல் ஒருவர் நன்றாகவே மெல்லலாம்.

அதற்குப் பிறகு இம்ப்ளான்ட் வைத்த எல்லோருக்கும் நான் ஓர் உறை தருகிறேன். உள்ளே கேப் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரே, கம்பெனிப் பெயர், நீளம், தடிமன், ஸ்குரு முனையின் வகை, அன்றைக்கு ஆறு இடத்தில் அளந்த அளவு. எங்கள் ஊர்ப் பல் மருத்துவர் கூட்டமொன்றில் எல்லோரும் இப்படிச் செய்யலாமே என்று பேசினேன். அதை வைத்துக்கொண்டு நோயாளி வேறு மருத்துவரிடம் போய்விடுவாரே என்று ஒருவர் கேட்டார். போகத்தான் வேண்டும், ஊர் மாறுகிறவர் வேறு எங்கே போவார் என்றேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள். இப்போது இந்தப் பக்கம் நாலைந்து கிளினிக்குகளிலிருந்து அப்படிப்பட்ட உறையோடு ஆட்கள் வருகிறார்கள்.

அண்ணாச்சி கடைசியாக வந்தபோது அளவு ஆறு இடத்திலும் 3 அல்லது 4. நாக்குப் பக்கம் ஓர் இடத்தில் மட்டும் ரத்தம் தெரிந்தது. மதினி, மகள் வீட்டுக்குப் போயிருந்ததாகவும், ரெண்டு மூணு வாரமாகத் தானே தேய்த்ததாகவும் சொன்னார். அந்த இடத்தைச் சுத்தம் செய்து, நீளக் கைப்பிடி போட்ட பிரஷ் ஒன்றைக் கொடுத்து, முழங்கையைத் தூக்காமல் நுழைக்கும் விதத்தைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பழக்கினேன். பொங்கல் வியாபாரம் முடிந்ததும் அடுத்த அளவுக்கு வருவதாகத் தேதி குறித்துக்கொண்டு போனார்.